ஓமனாவின் முந்நூறு ரப்பர் மரங்கள்

2006 ஜூன் மாதத்துச் செய்தித்தாள் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ‘மலையேறியது இணையம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. படத்தில் பஞ்சாயத்து மெம்பர் தாசையன் மாலையும் சிரிப்புமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஓமனா படத்தில் இல்லை, செய்தியிலும் இல்லை. அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கோலப்பன். திருவனந்தபுரம் நகரத்துக்குள் தமிழர்கள் வாழும் வலியசாலையில் பிறந்து வளர்ந்தவன். அந்த நாளில் அங்கேயே ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பி எட்டாத ஊர்களுக்கு வயர்லெஸ் வழியாக இணையம் கொடுப்பது எங்கள் தொழில். உயரமான ஓர் இடத்தில் ஒரு ஆன்டெனா, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறைவில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தை. முந்தின வருஷம்தான் அந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அரசு விட்டிருந்தது. நாங்களோ ஆகாயத்தையே குத்தகைக்கு எடுத்துவிட்டவர்கள் மாதிரி திரிந்தோம்.

ஓமனா மூங்கில்குன்னுக்காரி. வெள்ளறடையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மேலே ஏறினால் வரும் மலை அது. அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பத்தாம் வகுப்பு தேறியவள். ரப்பர் பால் வெட்டுகிற வேலை. விடிவதற்கு முன்பு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரத்தின் பட்டையை வெட்டி, பத்து மணிக்குள் பாலெடுத்து, உறைந்த பாலை ஷீட்டாக அடித்துக் காயப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பதினெட்டு வருஷமாக அதே முந்நூறு மரங்கள். எந்த மரம் கள்ளத்தனம் செய்யும், எது கொடுக்கும் என்று பெயர் வைக்காத குறையாக அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இணையத்தின் மேல் வந்த ஆசை வெறும் ஆசை இல்லை, கோபம். அவள் மகள் ஆர்ஷாவின் பெயர் முந்தின வருஷம் நர்சிங் படிப்புக்கான பட்டியலில் வந்திருக்கிறது. பட்டியல் இணையத்தில் மட்டும் வந்தது. இரண்டு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். மூங்கில்குன்னில் இருந்த ஒரே தொலைபேசி இடி விழுந்து செத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் பஸ் ஏறி மலையடிவாரத்துச் சந்தைமுக்கில் இணையக் கடையில் போய்ப் பார்த்தபோது அந்த இடம் வேறொருத்திக்குப் போயாகிவிட்டது. ஆர்ஷா இன்னொரு தடவை விண்ணப்பம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஓமனா அழவில்லை என்று அவளே என்னிடம் சொன்னாள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் மேசை முன்னால் நின்றிருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் வீதம் நாலு மாதம் நின்ற பிறகு, தொல்லை தாங்காமல் இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். மலைமேல் இருந்த கிறிஸ்தவச் சபையின் ஞாயிறு பள்ளி அறையில் அவற்றை வைத்து அவளே நடத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை: மே மாதம் அதிகாரி வந்து பார்ப்பார், அன்றைக்கு இணையம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் இரண்டு பெட்டியும் கீழே சந்தைமுக்குக்கு வந்துவிடும். சந்தைமுக்கில் இணையக் கடை ஏற்கெனவே மூன்று இருந்தது.

இணைப்பு கொடுக்கிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. நான் சர்வே எடுக்கப் போனது ஜனவரி கடைசியில். ஞாயிறு பள்ளி வாசலில் நின்று பார்த்தால் சரிவெல்லாம் ரப்பர். அதற்கு அப்பால் நாலு கிலோமீட்டரில் சந்தைமுக்குத் தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் எங்கள் டவரும் பளிச்சென்று தெரிந்தன. குச்சி குச்சியாக நின்ற கிளைகளுக்கு ஊடே டவரின் சிவப்பு வெள்ளைப் பட்டையைக்கூட எண்ணலாம். ‘பார்வைக்கோடு தெளிவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரப்பர் மரம் வருஷத்துக்கு ஒரு முறை, அதே ஜனவரியில், மொட்டையாக நிற்கும் என்பது வலியசாலைக்காரனான எனக்குத் தெரியாது. ரப்பர் என்றாலே இப்படித்தான் சோனியாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஓமனாவுக்கோ இலை திரும்ப வரும் என்பது நன்றாகத் தெரியும். இலையுதிர்ந்த மாதத்தில் பால்வெட்டு இல்லாததால்தான் அவளால் பகல் முழுக்க என் பின்னாலேயே நடக்க முடிந்தது. ஆனால் வீட்டுக்குள் கதவைச் சாத்தினாலும் ரேடியோ பாடுகிறதே, இலை என்ன செய்துவிடும் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள். பாதி எனக்குத் தெரியும், மறு பாதி அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி முழுக்க அமர்க்களமாக ஓடியது. மலைப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மார்ச் பிறந்தது, கிளைகளில் செம்புநிறத் தளிர் வந்தது. தளிர் பச்சையானது. படம் இறங்குவது நின்றது, பிறகு எழுத்து இறங்குவதும் நின்றது. ஏப்ரலில் முதல் மழை பெய்து இலையெல்லாம் நனைந்த அன்றைக்கு இணைப்பு அடியோடு செத்தது. நான் போய்ப் பார்த்தபோது டவரும் இல்லை, தொட்டியும் இல்லை. வாசலுக்கு எதிரே பச்சைச் சுவர் நின்றது. என் முட்டாள்தனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் மேலதிகாரிக்கு அதில் சங்கடமே இல்லை. இடம் தகுதியற்றது என்று ஒரு அறிக்கை எழுதி அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிடு, நம் மேல் ஒன்றும் வராது என்றார். எனக்கும் வேலை முக்கியம். எழுதிக்கொண்டு மலையேறினேன். மலையாளத்தில் இருந்ததை ஓமனா ஒரு தடவை தானே வாசித்தாள். பிறகு என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“தை மாசம் வந்து பாத்தது ஆரு சாரே?” என்றாள்.

நான்தான் என்றேன்.

“பின்ன இடத்துக்க மேல எதுக்குக் குத்தம் போடுதிய? எனக்க மலை இங்கதான் நிக்குது. நீங்க பாத்த அண்ணும் இங்கதான் நின்னுது.”

அறிக்கையை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நாள், இணைப்பு செத்ததைக் கேள்விப்பட்டு, தாசையன் கம்ப்யூட்டர்களை எடுத்துப் போக ஜீப்போடு வந்தார். ஓமனா அறையைப் பூட்டிச் சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள். வேண்டுமானால் சங்கிலியோடு கழற்றிக்கொள்ளுங்கள் என்று கழுத்தைக் காட்டியிருக்கிறாள். மெம்பர் வந்த வழியே போனார். அதிகாரி வரும் தேதிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

மறுபடி மலையேறி, வழி இரண்டுதான் என்று ஓமனாவிடம் சொன்னேன். மரங்களைவிட உயரமாக எழுபது எண்பது அடிக்கு ஒரு இரும்புக் கோபுரம் எழுப்ப வேண்டும். அதற்குக் கம்பெனியும் தராது, பஞ்சாயத்தும் தராது. இல்லையென்றால் எதிரில் நிற்கிற மரங்கள் போக வேண்டும். ஓமனா வாசலில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மரம் வரைக்கும் என்று கேட்டாள். நான் கையால் கோடு இழுத்துக் காட்டினேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அந்த பிளாக் வயசாகிப் போனது, போன வருஷமே அடியோடு முறித்துச் சாய்க்க வேண்டியது, ரப்பர் விலை ஏறியதால் முதலாளி தள்ளிப் போடுகிறார் என்றாள். நாளைக்கே முதலாளியைப் பார்க்க வேண்டும், நானும் கூட வர வேண்டும் என்றாள்.

தோட்ட முதலாளி சிவதாணு நாஞ்சில்நாட்டுக்காரர். திருவனந்தபுரம் பழவங்காடியில் பாத்திரக்கடை. நாங்கள் போனபோது எதிரே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைந்துகொண்டே இருந்தது. அவர் ஓமனா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை பார்த்தார்.

“வெலை இப்பம்தான் ஏறிக்கிட்டு நிக்கி. இன்னும் ஒரு வருசம் கடும்வெட்டு வெட்டிப்போட்டு முறிச்சுக்கிடலாம்னு நான் இருக்கேன்” என்றார். கடும்வெட்டு என்றால் முறிக்கப்போகிற மரத்தை இரக்கமில்லாமல் மேலும் கீழும் வெட்டிக் கடைசிச் சொட்டு வரை எடுப்பது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, அந்த முந்நூறும் நீ வெட்டுக மரமில்லா? முறிச்சா உன் பாடு என்னாகும்? வேற பிளாக்கு தருவேன்னு நெனைச்சிராத” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் நான் கையால் கோடு இழுத்துக் காட்டியது அவள் சோற்றின் மேல். அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தர வேண்டாம் மொதலாளி” என்றாள் ஓமனா. “ஆனா அந்த மரத்தில இனி நான் கத்தி வைக்க மாட்டேன். வேற ஆளும் வராது. மலையில பத்து வெட்டுக்காரு உண்டு. பத்து பேருக்கும் பள்ளிக்கூடம் போற பிள்ளிய உண்டு. அவியகிட்ட பேசிப்போட்டுத்தான் பஸ்ஸு ஏறினேன். வெட்ட ஆளில்லாத மரத்தை வச்சு வெலை ஏறுகதப் பாத்துக்கிட்டிருங்க.”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவதாணுவின் முகம் சிவந்துபோனது. அவர் என் பக்கம் திரும்பி, வலியசாலைப் பிள்ளையாக இருந்துகொண்டு இந்தக் கூத்துக்கு நீரும் கூட்டா என்று கேட்டார். இலையில்லாத மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக்கொடுத்தவன் நான்தான், தப்பு என்னுடையது, அதற்கு இவள் பிழைப்பு போகிறது என்று சொன்னேன். எழுத்தில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்றதால் வாயில் வந்தது. சிவதாணு ஒரு குத்துப்போணிப் பாத்திரத்தை எடுத்துத் துடைத்தார். வெட்டுக்காரர்கள் கிடைக்காத காலம் அது. கடைசியில், மரம் வாங்குகிற தடிக்காரன் வேலாயுதனை அனுப்புகிறேன், இனி என் கண்ணில் படாதே என்றார். ஓமனா கும்பிடு போட்டுவிட்டு இறங்கி நடந்தாள். அந்த நடைக்கு இன்றைக்கும் என்னால் ஈடு கொடுக்க முடியாது.

மே மாதம் பத்து நாள் மரம் விழுந்தது. ஓமனா தினமும் போய் நின்றாள். மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தெடுத்துச் சாக்கில் போட்டாள். ஒரு மரத்தின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். இது ஒரு நாளும் என்னை ஏமாற்றினதில்லை என்று சொல்லிவிட்டு அதன் சிரட்டையையும் எடுத்தாள். பத்தாம் நாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி திரும்பக் கண்ணுக்குத் தெரிந்தது. நான் ஆன்டெனாவைத் திருப்பி முறுக்கினேன், சிக்னல் விர்ரென்று ஏறியது. மூன்றாம் நாள் அதிகாரி வந்தார், பார்த்தார், திருப்தி என்று எழுதினார். அப்புறம் தாசையனுக்கு மாலை போட்டார்கள். படமெடுக்கும் நேரத்தில் ஓமனா பக்கத்து மலையில் ஒரு முதலாளியிடம் வேலை கேட்டுப் போயிருந்தாள். கிடைக்கவில்லை. சிவதாணு எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அந்த வருஷம் முழுக்க அவள் கல் சுமந்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு ஞாயிறு பள்ளி அறையைத் திறந்துவிடுவாள்.

ஜூலையில் நர்சிங் பட்டியல் வந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். மலையிலிருந்து விண்ணப்பம் எழுதியிருந்தவர்கள் நாலு பெண்கள். ஜெஸி என்ற பெண்ணின் பெயர் இருந்தது. கூலிக்குப் பால் வெட்ட வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒருவரின் மகள். ஓமனா பட்டியலைத் தாளில் எடுத்து, பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, நாளை விடியற்காலை முதல் பஸ், நானே கொண்டுவிடுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். ஆர்ஷாவைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள்.

வாசலுக்கு வந்தோம். மொட்டைச் சரிவில் வரிசை வரிசையாகக் குழி எடுத்துப் புது ரப்பர்க் கன்றுகள் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம்கூட இல்லை. ஏழெட்டு வருஷத்தில் இவையும் வளர்ந்து திரும்ப மறைக்குமே என்றேன்.

“வளரட்டு” என்றாள் ஓமனா. “ஏழு வருசத்தில இந்த மலையில இருந்து எத்தன பிள்ளிய போவும்னு கணக்குப் பண்ணுங்க சாரே. அப்பம் மறைச்சா, அவளுக வந்து மொதலாளிகிட்ட பேசுவாளுக. நான் ஒருத்தி மட்டும் எதுக்குப் பேசணும்?”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூன்று பிள்ளைகள் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.