கிரீம் பட்டையில் பட்ட மஞ்சள்

மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு டீசல் என்ஜின் மாடல் செய்து தருகிறேன் என்று நானேதான் வாயை விட்டேன். அவர் அதை உடனே கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். விழா மேஜையில் வைக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார். நான் அதுவரை செய்ததெல்லாம் இரண்டு கார், ஒரு விமானம். பார்த்தவர்கள் வீட்டு ஆட்கள் மட்டும். இதைப் பார்க்கப்போவதோ என்ஜினோடே காலம் கழித்தவர்கள்.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி முடித்தேன். நீல உடம்பு, நடுவில் ஒரு கிரீம் பட்டை. முதலில் கிரீம் அடித்து, பட்டையை மட்டும் மறைத்துவிட்டு, மேலே நீலம் அடிக்க வேண்டும். டேப் ஒட்டினால் கதவுக் கைப்பிடிகள் இருக்கும் இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், நிறம் உள்ளே கசியும். அதற்காகத்தான் மறைப்புத் திரவம் வாங்கினேன். பால் போல இருக்கும். தூரிகையால் பூசினால் காய்ந்து மெல்லிய ரப்பர் தோலாகிவிடும். நிறம் அடித்தபின் அந்தத் தோலை உரித்தால் அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி. எட்டு மாதக் குழந்தையை அத்தையிடம், அதாவது மாமியாரிடம், கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு ஜன்னல்களைத் திறந்தேன். பிறகும் போய்ப் போய்க் குழந்தையின் மூச்சைக் கவனித்தேன்.

"அவ நல்லாத்தான் இருக்கா. நீ பத்து தரம் கதவத் தொறந்தா அந்த நாத்தம் இங்கதான் வரும்" என்றார் அத்தை.

காய்ந்ததும் புதிய கவலை. திரவம் கண்ணாடி போல நிறமற்றுப் போயிருந்தது. எங்கே பூசினேன், எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தேன், விளக்கடியில் பார்த்தேன். விரலால் தொட்டுப் பார்க்கப் பயம். உரித்துவிட்டு, இந்தத் தடவை திரவத்தில் ஏதாவது நிறம் கலந்து பூசலாம் என்று தோன்றியது. பெயின்ட் கலக்கலாம்தான். ஆனால் தவழ்கிற குழந்தை இருக்கும் வீடு. உரித்த துணுக்கு தரையில் விழுந்து அவள் வாயில் போட்டுக்கொண்டால்? சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை எடுத்து வந்து கலந்தேன்.

ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தது. வேதியியல் படித்தவளுக்கு அது ஏன் என்று தெரியும்: அம்மோனியா ஒரு காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். தெரிந்த சந்தோஷத்திலேயே பட்டை முழுக்கப் பூசிவிட்டேன். மஞ்சள் கறை பிடிக்கும் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை.

மறுநாள் நீலம் காய்ந்தபின் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன். தோல் ஒரே நாடாவாக வந்தது. விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. பட்டை மட்டும் மாம்பழ நிறத்தில் இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. மேலே மறுபடி கிரீம் அடிக்கலாம் என்றால், இந்த முறை நீலத்தை மறைக்க வேண்டும். உரிக்கும்போது அதுவும் கையோடு வந்துவிட்டால்? கணவரிடம் காட்டினேன். "மஞ்சளாவே இருக்கட்டுமே, யாரு பாக்கப் போறா?" என்றார். யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதானே என் கவலையே.

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். பருப்புசாதம் வழிந்த குழந்தையின் சட்டையை, கறை வெயிலைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டேன். தினமும் செய்வதுதான். இரண்டாவது கிளிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். சாயங்காலத்துக்குள் இந்தக் கறை வெளுத்துவிடும். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது.

கீழே ஓடி என்ஜினை எடுத்து வந்தேன். ஆனால் திருச்சி வெயிலுக்குப் பிளாஸ்டிக் தாங்குமா? வளைந்துவிட்டால்? மஞ்சளையாவது மன்னிப்பார்கள், கோணல் என்ஜினை யார் மன்னிப்பார்கள்? காலையிலும் மாலையிலும் மட்டும் வைப்பது என்று முடிவு செய்தேன். அத்தை கூழ் வடாம் பிழிந்து போட்டிருந்த வேட்டியின் ஓரத்தில் இடம் கிடைத்தது.

"வடாத்துக்குத்தான் காக்கா வரும்னு காவல் இருப்பாங்க. நீ ரயிலுக்குக் காவலா?" என்று சிரித்தார் அத்தை. அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். சூடு ஏறினால் நிழலுக்கு, ஆறினால் மறுபடி வெயிலுக்கு. முதல் மாலையில் மாம்பழம் எலுமிச்சை ஆனது. அடுத்த நாள் முடியும்போது கிரீம் திரும்பி வந்திருந்தது. என்ஜினின் கூரை விளிம்பு நிழல் விழுந்த ஓர் ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள் தங்கிவிட்டது.

விழா அன்று காலை மாமாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் எதிர்பார்த்தபடியே விரல் அந்த ஓரத்தில் வந்து நின்றது.

"இது என்னம்மா, இங்க மட்டும்?"

பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"எங்க ஒர்க்ஷாப்புல எத்தனையோ என்ஜின் பாத்திருக்கேன். மஞ்சக்காப்பு போட்ட என்ஜின் இதுதான்!"

"மாமா, அங்க போய்ச் சொல்லிடாதீங்க."

"மொதல்ல அதைத்தான் சொல்லப்போறேன். எம்மருமக செஞ்சதுன்னா நம்பணுமில்ல?"

மாமா என் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பெட்டியில் வைக்கச் சம்மதிக்காமல், மடியில் ஒரு துண்டை விரித்து என்ஜினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மஞ்சள் ஓரம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டார்.