காலிக் கோப்பையில் குடிக்காதவர்

வெண்டெலின் ராப் ஒரு தச்சர். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆற்றுக்குத் தெற்கே, ஆப்பிள் மதுக்கடைகள் இருக்கும் தெருவில் அவர் வீடு. போரில் ஒரு குண்டுச் சில்லு அவர் பின்மண்டையில் புகுந்தது. 1916இல் எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர், ஐந்து வருடம் கழித்தும் வந்துகொண்டிருந்தார். தலையில் அடிபட்ட சிப்பாய்களைச் சோதிக்கும்போது குறிப்பெடுப்பது என் வேலை.

ராப் கதவு இழைப்பார், பூட்டுப் பொருத்துவார். நிறைந்த கோப்பையைக் கொடுத்தால் எல்லாரையும்போல உயர்த்தி, வாழ்த்துச் சொல்லிக் குடிப்பார். காலிக் கோப்பையைக் கொடுத்து, குடிப்பதுபோலக் காட்டச் சொன்னால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதுல ஒண்ணும் இல்லீங்களே."

வீட்டில் ஐந்து வயது மகள் மரத்துண்டை ரொட்டி என்று நீட்டுவாள். "இது மரம்மா" என்பார். அவள் அழுவாள், இவருக்கு ஏனென்று புரியாது. இல்லாததை இருப்பதாக வைத்துக்கொள்ள முடிவதால்தான் நமக்குக் கவிதையும் கொடியும் பிரார்த்தனையும் இருக்கின்றன. பொய்யும் அதே கதவு வழியாகத்தான் வருகிறது. ராப்புக்கு அந்தக் கதவு அடைபட்டிருந்தது.

1921 வசந்தத்தில் மேஜர் ஃபெல்டன் வந்தார், நோய் இருப்பதுபோல நடிக்கிறவர்களைப் பிடிப்பதற்காக. அவர் தாளில் 'நடிப்பு' என்று எழுதிவிட்டால் ராப்புக்கு ஓய்வூதியமும் போகும், மருத்துவமனைப் பட்டறையில் இருந்த வேலையும் போகும். மனைவி லோனி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

மேஜர் சுத்தியலைக் கொடுத்தார். "ஆணி அடிக்கிற மாதிரி காட்டு."

ராப்பின் கை உயர்ந்து அந்தரத்தில் நின்றது.

"காலைல வராந்தாவுல நாற்காலிக்கு ஆணி அடிச்சது யாரு? உன் தம்பியா?"

"நான்தாங்க."

"இப்ப மட்டும் கைக்கு என்ன வந்துச்சு?"

"ஆணி இல்லீங்களே, ஐயா."

மேஜர் சிரித்தார். "நாடகக் கொட்டகைக்குப் போயிருந்தா பெரிய ஆளா வந்திருப்பே."

லோனி எழுந்துவிட்டாள். "நடிப்பா? எங்கம்மா செஞ்ச உருளைக்கிழங்கு உருண்டை எப்படின்னு கேட்டா, 'கல்லு மாதிரி'ன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, அதுவும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். நடிக்கத் தெரிஞ்சா அங்க நடிச்சிருக்க மாட்டாராய்யா?"

எனக்கு வாய் திறக்கத் தைரியமில்லை. என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி மேஜர் பக்கம் தள்ளினேன். போன வெயில் காலத்துச் சோதனை அது: ராப்பை 'மழை பெய்கிறது' என்று சொல்லச் சொன்னோம். பதினொரு முறை கேட்டும் சொல்லவில்லை.

மேஜர் படித்தார். ஜன்னலைப் பார்த்தார். மேசை முழுக்க வெயில். பேனாவைத் தாளின் மேல் வைத்தார்.

"ராப், 'இன்னிக்கு மழை பெய்யுது'ன்னு சொல்லு. சொன்னா உன் ஓய்வூதியத்துக்கு உடனே கையெழுத்துப் போடறேன்."

ராப்பின் நெற்றி வேர்த்தது. உதடுகள் குவிந்தன, பிரிந்தன. "வெயில் அடிக்குதுங்க."

"மூணே வார்த்தை."

"சொல்லித் தொலையேன் வெண்டல்!" லோனியின் குரல் உடைந்தது.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியில் கை வைத்து, வானத்தைத் தேடினார், ஒரு துளியாவது கிடைக்காதா என்பதுபோல. திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிடுங்க ஐயா. வெயில்தான்."

மேஜர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு, தாளை ராப்பிடம் தராமல் லோனியிடம் கொடுத்தார்.

படியிறங்கும்போது அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "இனிமே எல்லாம் சரியாயிடும்னு ஒரு தடவை சொல்லேன். எனக்காக."

அவர் ஒரு படியில் நின்று யோசித்தார். "தெரியலியே, லோனி."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கையைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"சரி, நட. குழந்தை காத்துக்கிட்டிருக்கும்."

"ஆமா," என்றார் ராப், "காத்துக்கிட்டிருக்கும்."