பாக்கியம் அக்காவின் படமும் ஜெயபுரத்துப் பயணமும்

காலை ஆறரைக்கு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி பஸ். கட்டணம் முந்நூற்றைம்பது ரூபாய். ஜெயபுரத்தில் ஆற்றையும் கரையோர மரங்களையும் காக்கும் சின்னச் சங்கமொன்று இருக்கிறது. தங்கள் செய்தியை முகநூலில் நாலு பேரிடம் கொண்டுபோகச் சொல்லித்தரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதுதான் என் தொழில். ஓமந்தை தாண்டும்வரை பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்: பதிவில் ஒரு முகம் வேண்டும், பெயர் வேண்டும், ஊர் வேண்டும். மாங்குளத்தில் பிளேன்ரீ குடித்தேன். சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

கிளிநொச்சியில் இறங்கியபோது ஜெயபுரம் பஸ் போய்விட்டது. அடுத்ததற்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ஆட்டோக்காரர் நாலாயிரம் கேட்டு, மூவாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். அக்கராயன் வழியாகப் பாதை. முதலில் வயல், பிறகு காடு, வீதியை மறித்துக்கொண்டு மயில்கள். யாரிடம் போகிறேன் என்று கேட்டார். சங்கத்தைச் சொன்னேன்.

“ஓ, டிப்பரைக் காட்டிக்குடுத்த அக்கான்ர சங்கமோ? பேஸ்புக்கில பாத்தனான் அண்ணை. பொன்னாடை எல்லாம் போட்டவை.”

செய்தி இவ்வளவு தூரம் எட்டியிருக்கிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் புத்தியைப் பாருங்கள்.

சங்கத்தின் செயலாளர் செல்வராணி வாசலிலேயே நின்றார். கதிரை தந்தார், தண்ணீர் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்: “சேர், ஒரு பதிவு கன பேருக்குப் போகாமப் பண்ண ஏலுமோ?”

இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். ஆற்றில் களவாக மணல் அள்ளிய டிப்பர் லொறியைப் பற்றிப் பொலிசுக்கு அறிவித்தவர் சங்க உறுப்பினர் பாக்கியம். டிப்பர் பிடிபட்டது. எங்கள் ஆட்களுக்கு நன்றி சொல்லாவிட்டால் சோறு இறங்காதே! அடுத்த கூட்டத்தில் அவரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, ‘துணிந்து தகவல் தந்த பாக்கியம் அக்கா’ என்று ஊர்ப்பெயரோடு படத்தைப் போட்டுவிட்டார்கள். ஊரார் பெருமையோடு பகிர்ந்து தள்ளியிருந்தார்கள். நான் பஸ்ஸில் ஓட்டிப் பார்த்த பாடத்தை அந்தப் பதிவு அட்சரம் பிசகாமல் செய்திருந்தது. முந்தநாள் பின்னேரம் ஒரு டிப்பர் பாக்கியம் வீட்டு வாசற் படலைக்கு முன்னால் வந்து, எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செல்வராணியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு, உடனே அழித்துவிடுங்கள் என்றேன்.

அப்போதுதான் பாக்கியம் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பேச்சில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. கதிரை நுனியில் இருந்துகொண்டு நாங்கள் கதைத்ததைக் கேட்டார்.

“இப்ப அழிச்சா நான் பயந்துட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும். பயந்துதான் இருக்கேன். அது அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

அதற்குமேல் பாடமாவது, மண்ணாங்கட்டியாவது. மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை கதைத்தோம். டிப்பர் வந்து நின்றதைப் பொலிசில் முறைப்பாடு செய்யப் பாக்கியத்தோடு செல்வராணியும் போவதென்று முடிவாயிற்று. பதிவைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். ஒரு ஆள் நின்றால் ஒரு படலை. சங்கமே நின்றால் எத்தனை படலைக்குத்தான் போவார்கள்? பழைய பதிவு இருக்கட்டும், எல்லோருமாகப் புதுப் படம் எடுத்துப் போடுங்கள், ஆனால் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுப் பெயர் போடுங்கள் என்றேன். செல்வராணி உடனே வீடு வீடாகக் கேட்கப் புறப்பட்டார். பாக்கியம் வறுத்த கச்சான் கடலையை ஒரு பையில் போட்டுத் தந்தார். மூன்று மணிக்கு நானும் கிளம்பினேன்.

திரும்பும் பஸ் வவுனியாவை நெருங்கும்போது அலைபேசி சத்தம் போட்டது. ஆற்றங்கரையில் சங்கத்தார் எல்லோரும் நிற்கும் படம். நடுவில் பாக்கியம். ‘டிப்பரை அறிவித்தது எங்கள் சங்கம்’ என்று எழுதி, கீழே பெயர்கள். கடைசியில் என் பெயர். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கும் வீடு இருக்கிறது, படலை இருக்கிறது. செல்வராணிக்கு ஒரு வார்த்தை சொன்னால் என் பெயரை எடுத்துவிடுவார். ஆனால் பாக்கியம் இன்றிரவும் டிப்பர் வந்து நின்ற அந்த வீட்டில்தான் படுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஊர் இருந்தது, என் பெயருக்குப் பக்கத்தில் இல்லை. பதிவுக்குக் கீழே என் ஊர் ‘வவுனியா’ என்று நானே எழுதிவிட்டு இறங்கினேன்.