ஹாஜரா ராத்தாவின் நான்காம் கியர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தபோது நான் கடைப் பூட்டின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தில்லையடியைச் சேர்ந்த மர்ஹூம் கபூரின் மனைவியும் தோஹாவில் தொழில் செய்யும் ரிஸ்வானின் தாயாருமான சகோதரி வபாத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று முஅத்தின் வாசித்தார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் மவுத்தை அப்படித்தான் அறிவிப்பார்கள். கணவன் பெயர், மகன் பெயர், அவ்வளவுதான். "எந்தக் கபூர்? உப்புக் கபூரா, கடைக் கபூரா?" என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை. பள்ளிக்கு ஆட்கள் போன் எடுத்துக் கேட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் முஅத்தின் மறுபடியும் ஒலிபெருக்கியைத் தட்டி, "வேன் ஓட்டுற ஹாஜரா ராத்தா" என்றார். அதைக் கேட்டதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை உயர்தரப் பரீட்சையின் அடுத்த பேப்பர். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. நுரைச்சோலைப் பிள்ளைகளை இனி யார் பரீட்சைக்குக் கொண்டுபோவது என்ற நினைப்புத்தான் வந்தது. ராத்தாவை அறிந்த நீங்கள் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டீர்கள். அவரும் அதைத்தான் முதலில் யோசித்திருப்பார்.

நான் பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகம் விற்கிறவன். பாலாவிப் பக்கம் வீதியோரத்தில் கடை. கபூர் நானா மவுத்தான பிறகு அவருடைய வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. ராத்தா இத்தாவில், கணவன் மவுத்தான பெண் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த நாட்களில், இருந்தார். இத்தா முடிந்ததும் அந்த வேன் என்னிடம்தான் வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. என்ஜினும் கதவுகளும் அச்சும் தனித்தனியாக யார் யாருக்குப் போகும் என்றுகூட மனதில் பிரித்து வைத்திருந்தேன். ராத்தா வந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"கியர் பொக்ஸ் மவுண்டிங் ஒண்டு வேணும்" என்றார்.

"மவுண்டிங் என்னத்துக்கு ராத்தா? வேன நானே எடுக்கிறன். நீங்க என்னத்துக்குக் கஷ்டப்படுற?"

"மொதலாளி, உங்கட கண்ணுக்கு என்ட வேன் துண்டு துண்டாத் தெரியிது. எனக்கு இன்னம் முழுசாத்தான் தெரியிது. மவுண்டிங் இரிக்கா, இல்லயா?"

இருந்தது. கியர் பொக்ஸைத் தாங்கிப் பிடிக்கிற அந்த ரப்பர் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். வேனை ஓட்டி வந்தவரே அவர்தான் என்பதை வெளியே வந்து பார்த்த பிறகுதான் அறிந்தேன். கணவன் உயிரோடு இருந்தபோதே உப்பளத்து மண் வீதியில் பழகியிருக்கிறார். எங்களில் எவருக்கும் தெரியாது. பிறகு அந்த வேனில்தான் நுரைச்சோலைப் பெண்பிள்ளைகளைப் புத்தளத்துப் பாடசாலைக்கு ஏற்றத் தொடங்கினார்.

அந்த வேன் ஓடிய ஓட்டத்தை மீற்றரைப் பார்த்து அறிய முடியாது. மீற்றர் முள் எப்போதோ நின்றுவிட்டது. கியர் பொக்ஸ்தான் வயதைக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போது அக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் நான்காம் கியர் தானாகக் கழன்று நடுவுக்கு வந்துவிடும். என்ஜின் வெறும் சத்தம் போடும், வேன் தன்பாட்டுக்கு உருளும். மவுண்டிங் மாற்றிய பிறகு சில மாதங்கள் அடங்கியிருந்தது. பிறகு பழையபடிதான். கல்பிட்டி வீதி மேடு பள்ளம் இல்லாத வீதி. அதில் நான்காம் கியர் இல்லாமல் நேரத்துக்குப் பாடசாலை போய்ச் சேர முடியாது.

வேறு யாரும் என்றால் வேனை விற்றிருப்பார்கள். ராத்தா முன் ஸீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கியர் தடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நுரைச்சோலையில் இருந்து புத்தளம் வரும்வரை யாராவது ஒரு பிள்ளை வலது கையால் தடியைப் பிடித்திருப்பாள், இடது கையில் இரசாயனவியல் நோட்ஸ் இருக்கும். பாலாவிச் சந்தியில் என் கடைக்கு முன்னால் இறங்கி முறை மாறுவார்கள். யார் எந்தக் கிழமை என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு. பின் ஸீட்டில் நெருங்கி இருப்பதைவிடப் பிடிக்கிற ஸீட் வசதியாம். அதற்குச் சண்டைகூட நடந்தது.

ஒரு நாள் சந்தியில் வெங்காய லொறியோடு நின்ற நவாஸ் இதைக் கண்டுவிட்டார். அவருடைய மகள் ஷிப்னாதான் அன்று முன்னால் இருந்தாள்.

"ராத்தா, என்ட புள்ளய கியர் புடிக்கவா படிக்க அனுப்பினன்?"

"படிச்சிக்கிட்டுத்தான் புடிக்கிறா. உங்கட வீட்டுல இருந்திருந்தா இந்நேரம் அகப்பை புடிச்சிக்கிட்டு இருப்பா. அதப் புடிச்சிக்கிட்டு நோட்ஸ் வாசிக்க ஏலுமா நவாஸ்?"

லொறியில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். நவாஸ் சிரிக்கவில்லை. ஆனால் மகளை இறக்கவும் இல்லை. எத்தனை பேருக்கு அந்த வேனை விட்டால் வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும். தகப்பன்மார் பஸ்ஸில் அனுப்ப மாட்டார்கள், ஆண் சாரதி என்றால் யோசிப்பார்கள். வேன் நின்றால் விஞ்ஞானப் பிரிவு நின்றது, அந்தப் பிள்ளைகளுக்கு.

ராத்தா இனிமையான மனுஷி என்று எழுதினால் அது பொய். ஹோர்ன் அடித்துத்தான் என்னைக் கடையில் இருந்து வெளியே எடுப்பார். நன்றி சொன்னது ஞாபகம் இல்லை. கடைசியாக வந்தபோது என்னிடம் இருந்த கியர் பொக்ஸ்களைப் புரட்டச் சொல்லி, பொக்ஸின் இரும்புத் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்து, உள்ளே மிச்சமிருந்த ஒயிலை விரலில் தேய்த்து வெயிலில் பிடித்தார். மினுங்கியதை எல்லாம் தள்ளினார். ஒயிலில் இரும்புத் தூள் இருந்தால்தான் அப்படி மினுங்கும். "இதுகள வேற ஆருக்காவது விக்கிற நேரம் அவங்க கண்ணாடி போட்டிரிக்காமப் பாத்துக்கங்க" என்றார். ஒன்றைத் தெரிந்தெடுத்து ஓரமாக வைக்கச் சொன்னார்.

"ரெண்டு நாள் வேல ராத்தா. இப்பவே மாத்துவம்."

"அந்த ரெண்டு நாளும் புள்ளயள ஆரு ஏத்துற? நீங்களா? கடைசிப் பேப்பர் முடிஞ்ச அண்டைக்கி வேனக் கொண்டு வந்து விடுறன். அதுமட்டும் அது ஓடும்."

அதுவரை ஓடுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் ஓடமாட்டார் என்று நான் நினைக்கவே இல்லை. சனிக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு இருந்த இடத்திலேயே சாய்ந்திருக்கிறார். இருதயம் என்றார்கள்.

மையவாடியில் மண் தள்ளி முடிந்ததும் பிள்ளைகளின் தகப்பன்மார் வாசலில் கூடினார்கள். எல்லோரும் ராத்தாவின் நல்ல குணங்களைக் கதைத்தார்கள். திங்கட்கிழமை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நவாஸ் மட்டும், "அல்லாஹ் நாடினது அவ்வளவுதான். புள்ள அடுத்த வருஷம் எழுதட்டும்" என்றார்.

"அடுத்த வருஷம் ஆரு கொண்டு போற? வேன நான் ஓட்டுறன்" என்றேன்.

"ஜனாஸா வீட்டுச் சூடு ஆறல்ல, உங்களுக்கு வேன் கேக்குதா?"

நவாஸ் அப்படிக் கேட்டது நியாயம்தான். என் தொழில் அப்படி. ரிஸ்வானுக்குத் தோஹாவுக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, "வேன் திறப்பு உம்மாட கைப்பையிலதான் இரிக்கும், எடுத்துக்கங்க. பரீட்ச முடியும் வர நிப்பாட்ட வேணாம்" என்றான். என் மனைவியும் கூட வருவாள் என்றேன். அதோடு எல்லோரும் கலைந்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை நுரைச்சோலையில் நவாஸின் வீட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தினேன். கேற் பூட்டியிருந்தது. ஹோர்ன் அடித்தேன். மறுபடி அடித்தேன். ஷிப்னா கேற்றைத் திறந்துகொண்டு புத்தகப் பையோடு ஓடி வந்தாள். பின்னால் நவாஸ் வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வீதிக்கு வந்து நான்காம் கியருக்கு மாற்றினேன். எருமை ஒன்று குறுக்கே வந்தது, காலை எடுத்தேன், கியர் கழன்றது. எத்தனையோ கியர் பொக்ஸ் விற்ற நான் பயந்துபோனேன். தடியைத் தள்ளிப் போட்டு அப்படியே அழுத்திப் பிடித்தேன்.

"சாச்சா, கைய எடுங்க" என்றாள் முன் ஸீட்டில் இருந்த ஷிப்னா.

"இல்ல மகள், நீங்க பேப்பருக்குப் படிங்க."

"உங்களுக்குத் தெரியா. நீங்க தள்ளுறீங்க. தள்ளினா உள்ளுக்குத் தேயும் எண்டு ராத்தும்மா ஏசுவா. தள்ளாம, நடுவுக்கு வர விடாம மட்டும் புடிக்கணும்."

பின்னால் இருந்து ஒருத்தி, "சாச்சா, நீங்க ஸ்டியரிங்க மட்டும் பாருங்க" என்றாள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் கையை எடுத்தேன். ஷிப்னா விரல்களை மட்டும் தடியில் வைத்தாள். அது அசையவில்லை. எருமை வந்தாலும் பஸ் வந்தாலும் அசையவில்லை. பாலாவிச் சந்தியில் கேட்காமலேயே இறங்கி முறை மாறினார்கள். பரீட்சை மண்டபக் கதவு மூடுவதற்கு நிறைய நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம்.

கடைசிப் பேப்பர் வரை அப்படியே ஓடியது. பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனேன். பொக்ஸைப் பிரித்த மெக்கானிக் சுனில் பாஸ் நான்காம் கியரின் பல்லில் நகத்தை வைத்துப் பார்த்தார். பிடிப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தது. "இத வச்சு எப்புடி மாத்தயா ஓடினது?" என்று கேட்டார். "புள்ளயள் புடிச்சிக்கிட்டு வந்தாங்க" என்றேன். நம்பவில்லை. ராத்தா தெரிந்தெடுத்து வைத்த பொக்ஸைப் பூட்டினோம், தேய்ந்தது பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வைத்திருந்தால் ராத்தா ஏசியிருப்பார்.

அவரிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. நேற்று நவாஸ் கடைக்கு வந்தார். கொஞ்ச நேரம் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இளைய மகளும் விஞ்ஞானப் பிரிவு எடுக்கப்போகிறாள், வேனில் அவளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டார். இந்த இடத்தில் ராத்தா ஒரு நாளும் யோசித்தது கிடையாது. படிக்கப் போகிற பிள்ளைக்கு முதலில் ஓம், வரட்டும் என்று சொல்வார், வாகனத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் கவலைப்படுவார். நான் கையில் சரக்கு இல்லாமல் ஒருவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அப்படித்தான் இந்தக் கடையைக் கட்டினேன். பரீட்சைக் காலத்துக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு ஓடிவிட்டேன். வருடம் முழுக்க அப்படி ஓட முடியாது. வேன் ஓட்ட லைசன்ஸ் உள்ள பெண்பிள்ளை ஒருவரைத் தேடிக் கல்பிட்டி வரை சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.

ஓம் என்று நவாஸிடம் சொல்லிவிட்டேன்.