எல்லைப்படைத் தூணும் எஞ்சினியர் பேண்ட்டும்

எழுபதுகளின் நடுவில், துபாய்க்கு வெளியே பாலைவன ரோட்டோரம் ஒரு கல்தூண் கட்டினோம். அதற்கும் பல வருஷம் முன்னால் ஒரு மதப் பெரியவர் பின்னால் திரண்ட படை, எல்லையைக் காக்க வாரக்கணக்கில் மணலில் நடந்ததாம். அதற்கு நினைவுச்சின்னம். நடந்தவனை மதிக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் கேம்பில் கக்கூஸுக்கே கால் மைல் நடக்கவேண்டும். எங்களுக்கு எவனும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

நான் சென்ட்ரிங் பலகை அடிக்கிற தச்சன். இரண்டு வருஷ டூட்டி முடிந்து லீவுக்குக் காத்திருந்தேன். ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆவணிக்குள் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று பெண் வீட்டில் கடிதமே போட்டுவிட்டார்கள். லீவு பேப்பரில் கையெழுத்துப் போடவேண்டியவர் எஞ்சினியர். மெட்ராஸ்காரர், பெரிய தொந்தி.

"திறப்பு விழா முடியட்டும்யா. நடுவுல ஏதாவது கோளாறு வந்துச்சு, லீவ மறந்துடு" என்றார்.

கோளாறு கொத்தனார் ரூபத்தில் வந்தது. ராமநாதபுரத்து ஆள். தூண் முக்கால் உயரம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"திருஷ்டி பொம்மை கட்டாம மேல ஒரு கல்லு வைக்க மாட்டேன்."

"இங்க யாருண்ணே கண்ணு வைக்கப்போறா? ஒட்டகமா?"

"ஒட்டகம்னா கண்ணு இல்லையா? போய் துணி கொண்டாடா."

வேலை நின்றால் என் கல்யாணமும் நிற்கும். கேம்புக்கு ஓடினேன். மணல்காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. கொடியில் கைக்குக் கிடைத்த பேண்ட்டை உருவிக்கொண்டு வந்தேன். யாருடையது என்று பார்க்கவில்லை. டிரைவருடையதாக இருக்கும் என்று நினைத்தேன்.

வைக்கோலுக்கு எங்கே போவது? சிமெண்ட் சாக்குக் காகிதத்தைக் கசக்கித் திணித்தோம். திணித்துக்கொண்டே இருந்தோம். பேண்ட் நிறையவே இல்லை. எண்ணெய் டின்னில் மீசையும் பல்லும் வரைந்து தலையாக வைத்து, சாரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். கொத்தனார் கும்பிட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தார். அந்த வாரம் எஞ்சினியர் விழா ஏற்பாடாகத் துபாயிலேயே இருந்தார்.

கடைசிக் கல் வைத்த அன்றே, திறப்பு விழாவுக்கு முந்தின நாள், சொல்லாமல் கொள்ளாமல் கார் வந்துவிட்டது. இரண்டு அதிகாரிகள், எங்கள் எஞ்சினியர், கூடவே ஒரு கிழவர். அந்தப் படையில் நடந்தவர்களில் மிச்சமிருந்தவராம். கிழவர் தூணைப் பார்க்கவில்லை. பொம்மையைப் பார்த்தார். அரபியில் ஏதோ கேட்டார். காரை ஓட்டிவந்த பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் அதை இந்தியில் எங்களிடம் கேட்டான்: யார் இது?

எஞ்சினியர் முகம் செத்துப்போனது. கொத்தனார் மட்டும் பயப்படவில்லை. "கண்ணு படாம இருக்க" என்று தன் கண்ணைக் காட்டித் தூணைக் காட்டினார். டிரைவர் திருஷ்டிக்கு "நஜர்" என்று அவரிடம் சொன்னான். கிழவருக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார். பிறகு தடியால் பொம்மையின் வயிற்றில் ஒரு குத்து குத்திவிட்டு நீளமாகப் பேசினார்.

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "நாங்க பேரீச்சம்பழத்தைத் தின்னுட்டு நடந்தோம், இவ்வளவு தொந்தி எங்க எவனுக்கும் இல்லை, இந்த பேண்ட்டுக்காரன் பத்தடி நடந்திருக்க மாட்டான்னு சொல்றார்."

சொன்னதோடு விடவில்லை கிழவர். இடுப்பு வழியாகக் கையை விட்டுக் காகிதத்தை உருவினார். அதிகாரிகளும் சிரித்துக்கொண்டே சேர்ந்து உருவினார்கள். தொந்தி வற்ற வற்ற பேண்ட் நழுவிக் கீழே விழுந்தது. பின்பக்கம் பச்சை நூலில் பெரிய ஒட்டு. அந்த ஒட்டை சைட் முழுக்கத் தெரியும். தினமும் எஞ்சினியர் குனியும்போது பார்த்திருக்கிறோம்.

கிழவர் அந்தப் பேண்ட்டைத் தடி நுனியில் தூக்கி, எவனுடையது என்று சுற்றிலும் எல்லோர் இடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினியர் மூச்சை உள்ளே இழுத்து, தொந்தியை அடக்கி நின்றார். கார் கிளம்பும்வரை விடவே இல்லை.

புழுதி அடங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் என்னைத்தான் கைகாட்டியிருந்தார்.

"உனக்கு லீவும் கிடையாது, மண்ணும் கிடையாது!"

எனக்கும் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருஷம் வெயிலில் வெந்தது நான்.

"சரி சார். நாளைக்கு அந்தத் தடி வச்சிருந்த பெரியவர் விழாவுக்கு வருவாரு. பேண்ட் யாருதுன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

முறைத்துக்கொண்டே லீவு பேப்பரைக் கேட்டார். தூண் பீடத்தின்மேல் வைத்து, சொரசொரப்பான கல்லில் பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. "விழாவுக்கு நீ இங்க இருக்கவே கூடாது. விடியறதுக்குள்ள கிளம்பிடு" என்றார்.

ஓட்டை லீவுதான். ஆவணி முடிய நான்கு நாள் இருக்கும்போது தாலி கட்டினேன்.