முடிச்சில் இருந்த அரிசி

சென்ற மாதம் ஐம்பது படுக்கைகள் கொண்ட ஒரு சின்ன மருத்துவமனையில் குடும்ப மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று எங்கள் மூத்த மருத்துவர், புதிதாக வந்திருந்த நான்கு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். இதயம், கண், தோல் என்று எதையாவது எடுத்திருக்கலாமே, எதற்காக இது, அதுவும் இந்தச் சின்ன ஊரில்? ஒருவர் சேவை என்றார். ஒருவர் மனைவிக்கு இதுதான் சொந்த ஊர் என்றார். அவர் மட்டும்தான் உண்மை சொன்னதாக எனக்குப் பட்டது. நான், ஒரு மனிதரை முழுதாகப் பார்க்கும் மருத்துவம் என்று ஏதோ அழகாகச் சொல்லிவைத்தேன். உண்மையான பதிலைச் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அதில் நான் நாலாம் வகுப்பில் சொன்ன ஒரு பொய்யும், மீறிய ஒரு சத்தியமும், கொஞ்சம் பள்ளிக்கூடத்து அரிசியும் வரும். முதல் நாளே அதையெல்லாம் அவிழ்க்கக் கூச்சமாக இருந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். வீட்டை ஒட்டியே, கிரிவலப் பாதையில் அப்பாவுக்கு ஒரு கடை. சாதாரண நாளில் மளிகை, பௌர்ணமியில் தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டாக்டருக்குப் படித்தவள். அவள் சென்னையில் எம்.பி.பி.எஸ். முடிப்பதற்குள்ளேயே, தங்கச்சி ஹார்ட் டாக்டர் ஆகப் போகிறாள் என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. சோப்பு வாங்க வந்தவர்கள்கூட அதைக் கேட்காமல் போக முடியாது. அத்தையோ படிப்பை முடித்துவிட்டு, திருவண்ணாமலையிலேயே ஒரு சின்ன மருத்துவமனையில் குடும்ப மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்து, பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள்.

"அப்ப நீ எதுக்குத்தான் டாக்டரு?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாத்துக்கும்ண்ணா."

"எல்லாத்துக்கும்னா ஒண்ணுத்துக்கும் இல்லன்னு அர்த்தம்."

அதற்குப்பிறகு அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அரிசி மூட்டையைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டதால் பேச வேண்டியதாயிற்று.

அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. டாக்டர் என்றால் எனக்குத் தெரிந்தவர்கள் சிரிக்காதவர்கள், ஏசி அறையில் இருப்பவர்கள். அத்தை ஸ்கூட்டியில் ஹெல்மெட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். வந்ததும் ஒரு கிண்ணம் பொரியை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவாள். பௌர்ணமி அன்று ஸ்கூட்டி நகராது. மருத்துவமனையில் பக்தர்களின் கால் கொப்புளங்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, அதே கூட்டத்தோடு கூட்டமாக நடந்துதான் வீட்டுக்கு வருவாள். மாதா மாதம் பாதிக் கிரிவலம் கணக்கில் சேருகிறதே, அந்தப் புண்ணியத்திலாவது புத்தி வந்து ஹார்ட்டுக்குப் படிக்கட்டும் என்று அப்பா சொல்வார். எனக்கும் அவள்மேல் பிரியம் ஜாஸ்திதான். ஆனால் வெளியே சொல்லிக்கொள்ளும்படியான டாக்டராக அவள் இல்லையே என்ற குறை இருந்தது.

பள்ளிக்கூடத்தில் என்னுடன் படித்த ஒருத்திக்கு வேலூரில் பெரியப்பா எலும்பு டாக்டர். யாருக்குக் கை சுளுக்கினாலும் அவள் பெரியப்பா பேச்சுதான். ஒருநாள் டீச்சர், வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எலும்பு அவள் வாயிலிருந்து வந்து விழுந்த அடுத்த நிமிடம் என் முறை. எழுந்து நின்று, எங்கள் அத்தை ஹார்ட் டாக்டர் என்றேன். டீச்சர் புருவத்தை உயர்த்தினார். எலும்பு இதயத்தின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தது. அப்பா கடையில் தினமும் சொன்னதைத்தானே சொன்னேன், இது எப்படிப் பொய்யாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் செய்தி சமையல்கூடம் வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே எங்களுக்குச் சத்துணவு சமைத்தவரை நாங்கள் ஆயாம்மா என்று கூப்பிடுவோம். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. நெற்றி நிறைய விபூதி, வெளுத்த முகம், சோற்று அண்டாவை இறக்கி வைத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது. தட்டுக் கழுவப் போனபோது ஒருநாள் அவர் அடுப்புக்குப் பின்னால் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தார். பச்சையாக அரிசி. முந்தானை முடிச்சில் கட்டி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. புள்ளைங்க அரிசிய தின்றானு பேர் வந்துடுச்சின்னா என் வேலை போயிடும். மலையப் பாத்து சத்தியம் பண்ணு."

செய்தேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் நிற்கும். அதனால் சத்தியம் செய்வது சுலபம், மீறிவிட்டு ஒளிந்துகொள்வதுதான் கஷ்டம். அன்றிலிருந்து தினமும் தட்டுக் கழுவப் போகும்போது எனக்கும் ஒரு சிட்டிகை கிடைக்கும். இருவரும் சுவரைப் பார்த்தபடி பேசாமல் மெல்லுவோம். பெரியவர் ஒருவர் என்னை நம்பி ஒரு குற்றத்தில் சேர்த்துக்கொண்டதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயாம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தை கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹார்ட் டாக்டர் அம்மா வீடு இதுதானுங்களா? பாப்பா சொல்லுச்சி."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். எனக்குத் தரை பிளந்து வழிவிட்டால் தேவலை என்றிருந்தது. அத்தை கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஹார்ட்டும் பாப்பேங்க. உக்காருங்க. என்ன பண்ணுது?"

ஆயாம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இரண்டு இடத்தில் காட்டியாயிற்று, ஓர் இடத்தில் வயிற்றில் கேஸ் என்றார்கள், ஓர் இடத்தில் சத்து ஊசி போட்டார்கள். அவருடைய அண்ணன் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாராம். பிளஸ் டூ படிக்கிற மகளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார்.

"அதுக்கு நர்ஸுக்குப் படிக்கணுமாம், ரெண்டு நாளா சாப்பிடாம அழுவுது. எனக்கு ஏதாச்சும் ஆவறதுக்குள்ள தையில முடிச்சிடணுங்க. தை வரைக்கும் தாங்குமான்னு மட்டும் பாத்து சொல்லுங்க, போதும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், ரேஷனில் பருப்பு இந்த வாரம் வருமா என்று கேட்பதைப் போல. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துக் கேட்டாள். அதுவரை எனக்குத் திருப்திதான். அதன்பிறகு அவள் செய்தது எதுவுமே ஹார்ட் டாக்டர் செய்கிற காரியமாக இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் எத்தனை பேர், யார் கடைசியில் சாப்பிடுவது, கடைசியில் சாப்பிடுகிறவருக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டாள். என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மாதா மாதம் எத்தனை நாள், எவ்வளவு என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். நான் தண்ணீரோடு திரும்பி வந்தபோது ஆயாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்கவில்லை, ஆம்பள டாக்டரிடம் நானாக எப்படிச் சொல்வேன் என்றார்.

"அரிசி, மண்ணு, சாம்பல் ஏதாச்சும் திங்கணும்னு தோணுமா?" என்று அத்தை கேட்டாள்.

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லிங்க."

அவர் தலை ஆடியது. கை முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டது. தை வரைக்கும் தாங்குமா என்று அவர் கேட்டது என் காதிலேயே இருந்தது. டாக்டரிடம் பொய் சொன்னால் ஊசி தப்பாகப் போய்விடும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஜன்னல் வழியாக மலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"தின்னுவாங்க அத்தை. தினமும். எனக்கும் குடுப்பாங்க."

ஆயாம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை அது. அடி வாங்கப் போகிறவர் முகம். எழுந்தே விட்டார். அப்பா செய்தித்தாளை இறக்கினார். பள்ளிக்கூடத்து அரிசியில் கைவைக்கிறவர்களைப் பற்றி அப்பாவுக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஆயாம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"எத்தினி நாளாங்க? ஒரு நாளைக்கு எவ்ளோ?"

அவள் குரலில் அதட்டலே இல்லை. இருமல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரல். ஆயாம்மா தயங்கித் தயங்கி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு வருஷமாக இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு பிடி, சில நாள் இரண்டு. சாமிக்கு முன்னால் நின்றால் விபூதியையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றுமாம். ஊரில் அவருக்கு ரொம்ப பக்தி என்று பேர் வந்தது அப்படித்தான்.

"இது திருட்டு இல்லிங்க, நோவு. உங்க உடம்பு இரும்புச்சத்து கேக்குது. அதுக்கு எங்க கேக்கறதுன்னு தெரியாம அரிசியக் கேக்குது" என்றாள் அத்தை. கடைசி வாக்கியத்தை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா கடை திறக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

ரத்தத்தில் இரும்பு குறைந்தால் இப்படி ஒரு ஆசை வரும் என்பதையும், சத்து ஏற ஏற அது தானாகவே விலகிவிடும் என்பதையும் பிற்பாடு நானும் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மானம் போனதுதான். பிறகு அத்தை என் இமையையும் இழுத்துப் பார்த்தாள். இவளுக்கு ஒன்றும் இல்லை, சும்மா கொறிக்கிறாள் என்று சொல்லி ஒரு பூச்சி மாத்திரையோடு என்னை முடித்துவிட்டாள்.

மறுநாள் ஆயாம்மாவை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை, ரத்தம்தான் பாதிக்குப் பாதி கம்மி. அதிகமாக உதிரம் போவதற்கு ஒரு வைத்தியம், சத்துக்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரையைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் அக்காமார்களுக்கு வாரா வாரம் சும்மா கொடுக்கிற அதே மாத்திரை. எலும்பு டாக்டரின் மகளுக்கு, அதாவது தம்பி மகளுக்கு, இது தெரிந்தால் என் கதி என்ன?

அதோடு அத்தை விடவில்லை. வேலை முடிந்து வரும்போது ஆயாம்மா வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத்தான் வருவாள். மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள், முதல் தட்டு உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்பாள். ஆயாம்மாவின் மகளோடு உட்கார்ந்து ஏதோ பாடப்புத்தகம் பார்ப்பாள். தைக் கல்யாணத்தைப் பற்றித் தான் சொல்கிற வரைக்கும் பேச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாளாம். கல்யாணப் பேச்சில் எல்லாம் டாக்டர் தலையிடலாமா, இதற்குத்தான் இத்தனை வருஷம் படித்தாளா என்று அம்மா அங்கலாய்த்தாள். அந்தத் தையில் கல்யாணம் நடக்கவில்லை. அந்த அக்கா இப்போது வேலூரில் நர்ஸாக இருக்கிறார்.

எனக்கோ அந்த நாட்கள் பெரிய வேதனையாகப் போயின. சத்தியத்தை மீறியவள் என்பதால் ஒரு வாரம் சமையல்கூடம் பக்கமே நான் போகவில்லை. பிறகு போனபோது ஆயாம்மா வழக்கம்போலத் தலையைத் தடவிக்கொடுத்து ஒரு சிட்டிகை அரிசி வைத்தார். போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாரம் சிட்டிகை சிறுத்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஒருநாள் நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆயாம்மா அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடிக்காமல் நேராக நடந்து வந்தார். முந்தானையைத் தொட்டுப் பார்த்தார், முடிச்சே இல்லை. "அடடா, கட்டி வெக்கவே மறந்துட்டேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு முட்டை எண்ணப் போய்விட்டார்.

மறப்பாராம். இரண்டு வருஷம் மறக்காதவர், நான் காட்டிக்கொடுத்தபிறகு மறப்பாராம். அன்று சாயங்காலம் அத்தை பொரிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஆயாம்மாவுக்கு என்மேல் கோபம், இனிமேல் எனக்கு அரிசியே கிடையாது, எல்லாம் உன்னால்தான் என்றேன்.

அத்தை பொரிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"என்ன சொன்னாங்க?"

"முடிச்சு கட்ட மறந்துட்டேன்னாங்க."

"மறந்துட்டேன்னா? அவங்களேவா சொன்னாங்க?"

தலையை ஆட்டினேன். என் அத்தை, இருபத்தாறு வயது டாக்டர், கூடத்தின் நடுவில் எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டு சிரித்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள், கடைக்குள்ளிருந்த அப்பாவையும் கூப்பிட்டாள். ஒரு குழந்தை நெஞ்சு வெடித்து அழுகிறது, இவள் சிரிக்கிறாளே என்று நான் திகைத்துப்போய் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.