தம்பியின் முதல் சோதனை

என் தம்பி முதல் சோதனைக்குப் போனது மூன்று வயதில். ரியூசன் கொடுத்தது அவன் அக்காவான நான். அப்போது எனக்கு ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் சோதனையைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை என்று என்னை நம்ப வைத்திருந்தார்கள்.

தம்பி பிந்தித்தான் நடந்தான். பேச்சென்றால் ‘ம்மா’ மட்டும்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல வேளை திரும்பமாட்டான். ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “உது ஓட்டிசம்தான், வேறையொண்டுமில்லை” என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“சரியா என்னவெண்டு தெரிஞ்சால்தானே அதுக்கேத்த மாதிரிப் பழக்கலாம். வாற கிழமை தம்பிக்குச் சோதனை,” என்றார் அப்பா.

சோதனை! எனக்கு அந்தச் சொல் போதும். ஒரு கிழமையாக நெருப்புப்பெட்டி அடுக்கப் பழக்கினேன். அவன் பெட்டியைச் சப்பினான். முக்கியமான விதியை மட்டும் தினமும் காதுக்குள் ஓதினேன்: “மற்ற ஆக்களின்ரை முகத்தைப் பாக்கக்கூடாது. பாத்தால் அது சோதனையிலை கள்ளம்.”

ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா மேசையில் கட்டைகளை வைத்தார். தம்பி ஒன்றைக் கடித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. புள்ளி முட்டைதான் என்று முடிவுகட்டினேன். பிறகு சாவி கொடுத்த தவளையொன்றைத் துள்ளவிட்டார். தம்பி அதைக் கையால் காட்டினான்; உடனே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ஐயோ, மானத்தை வாங்குகிறானே! நான் தலையை நிமிர்த்திக் கூரை முகட்டைப் பார்த்தேன். அவன் விட்டானா? என் சட்டையைப் பிடித்திழுத்து மறுபடியும் தவளையைக் காட்டினான்.

“பிள்ளை, முகட்டிலை என்ன கிடக்கு? தம்பியைப் பாருமன்,” என்றார் டொக்டரம்மா.

பிறகும் நெடுநேரம் விளையாடவிட்டார், அம்மாவிடம் ஏதேதோ கேட்டார். கடைசியில், “வளர்ச்சி பிந்தித்தான் கிடக்கு. ஆனால் ஓட்டிசம் மாதிரித் தெரியேல்லை. முதல்லை காதைப் பாப்பம். ஆறு மாதத்தாலை திரும்பக் கொண்டு வாங்கோ,” என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

வரும் வழியில் சுன்னாகத்தில் அப்பா ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். முட்டை வாங்கியவனுக்கு ஐஸ்கிறீமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கள்ளா, முகத்தைப் பாக்கவேண்டாமெண்டு சொன்னனான்தானே?”

அவன் என் முகத்தைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தான்.

அவனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று அடுத்த மாதம் தெரிந்தது. நான் ஓதிய விதி உள்ளே போகவே இல்லை, நல்லகாலம். தான் கண்ட அதிசயத்தை இன்னொருவருக்கும் காட்டத் தவிக்கிறானா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. அதற்கு அவன் சரியாக விடை சொல்லிக்கொண்டிருந்தபோது, புலமைப்பரிசில்காரி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.